மேல்காற்று ஆளும் சாலை

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாகச் செல்லும் சாலை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுடையது. வரைபடத்தில் அது கரையை ஒட்டியே செல்வதாகத் தெரியும். வண்டியில் போகிறவருக்கோ பெரும்பாலான தூரம் கடல் கண்ணில் படுவதில்லை. பனைவிளைகளும், உடைமரக் காடுகளும், மணல்மேடுகளும், இடையிடையே ஊர்களும் அதை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரைக் கேட்டு, சென்னைக்குத் தெற்கே உள்ள காட்சிகளை மனத்தில் வைத்துக்கொண்டு வரும் நண்பர்கள் சிலர், பாதி வழியில் நின்று "கடல் எங்கே?" என்று என்னைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கடலோர ஊரிலும் இடப்பக்கம் திரும்பிச் சிறிது தூரம் இறங்கிப் போனால் கடல் கிடைக்கும். சாலையில் இருக்கும்வரை நம்மோடு வருவது காற்று. இந்தக் கரையின் மண்ணையும் மரத்தையும் தொழிலையும் உருவாக்கியதில் அந்தக் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும், அதை முழுமையாக உணர்வதற்கு மோட்டார் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் வேறில்லை என்பதும் என் உறுதியான எண்ணம்.

மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது கொண்டுவரும் மழையைக் கேரளமும் மலையின் மேற்குச் சரிவும் வாங்கிக்கொள்ள, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் வெறும் காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலை நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கு மேற்கே ஒரே சுவராக நிற்கவில்லை. செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் கணவாய்கள் இருக்கின்றன. அந்த இடுக்குகளின் வழியாக நுழையும் காற்று நெருக்குண்டு வேகம் கூடி, சமவெளியைக் கடந்து கடலில் போய் விழுகிறது. ஊர்ப்பக்கம் இதை மேல்காற்று என்பார்கள். கடல் தொழில் செய்பவர்கள் கச்சான் என்பார்கள். ஆடி மாதத்தில் நண்பகலுக்குப் பிறகு இந்தச் சாலையில் வண்டி ஓட்டியவருக்கு, அம்மியும் பறக்கும் என்ற பழமொழி எதற்காக வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வடக்கிலிருந்து தெற்காக, அதாவது திருச்செந்தூரில் தொடங்கிக் குமரியை நோக்கிப் போவதையே நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம்; தெற்கு நோக்கிப் போகும்போது கடலும் இடப்பக்கமே இருக்கிறது. ஆகவே கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு கிளைச் சாலையிலும், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் திரும்பலாம். மூன்று ஊருக்கு ஒரு முறையாவது கரைக்கு இறங்க நினைப்பவருக்கு இது சிறிய வசதியன்று. அதோடு, விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் ஏறும். மணல் அதிகம் புரளும் வடபகுதியைக் காலையிலேயே கடந்துவிட்டால், காற்று வலுக்கும் நேரத்தில் ஓரளவு நல்ல பாதைக்கு வந்துவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து இருட்டோடு கிளம்பினால் செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று தாமிரபரணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடலுக்கு வரலாம். இந்த வழியில் காற்று நம்மை எட்டுவதில்லை. வாழையும் நெல்லும் வயல் ஈரமும் குளிர்ச்சியாக இருபுறமும் வரும். நவதிருப்பதிக் கோயில்களின் கோபுரங்கள் மரங்களுக்கு மேலே தெரியும். குரும்பூர் தாண்டியதும் நிலம் உலர்கிறது. வாழை குறைந்து பனை கூடுகிறது. ஆற்றுப் பாசனம் முடியும் இடமும் காற்றின் ஆட்சி தொடங்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே என்பதை வண்டியில் வருகிறவர் முகத்தில் படும் வெப்பத்தாலேயே அறிந்துகொள்வார்.

திருச்செந்தூரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடலோரத்தில் நிற்கும் முருகன் கோயிலையும், அலைக்கு மிக அருகிலேயே நல்ல தண்ணீர் சுரக்கும் நாழிக்கிணற்றையும் அறியாத தமிழர் குறைவு. பயணத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: செவ்வாய், வெள்ளி, சஷ்டி நாட்களில் ஊருக்குள் வண்டி நகராது, பெட்ரோலையும் சக்கரக் காற்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கிருந்து நேராகக் கடற்கரைச் சாலையைப் பிடிக்காமல், காயாமொழிப் பக்கம் சிறிது உள்வாங்கித் தேரி என்னும் செம்மணல் பரப்பைப் பார்த்துவிட்டுப் போகும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன். இந்தக் கரையை விளங்கிக்கொள்ளத் திறவுகோல் அங்கேதான் கிடக்கிறது. பல ஆயிரம் ஏக்கர் பரப்பில், குங்குமத்துக்கும் செங்கல்லுக்கும் இடைப்பட்ட நிறத்தில், மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் அந்த மணல், பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று கொண்டுவந்து குவித்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். முதலில் விரல்களில் செம்மை ஒட்டும். நன்றாகத் தேய்த்துத் தண்ணீர் விட்டால் மங்கிய வெள்ளை மணிகள் வெளிப்படும். உள்ளே இருப்பது சாதாரண மணல்தான். ஒவ்வொரு மணியின் மேலும் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் செந்நிறத்தைத் தருகிறது.

தேரி முன்பு ஓரிடத்தில் நின்றதில்லை. காற்று தள்ளத் தள்ள மணல்மேடுகள் கிழக்கே நகர்ந்து விளைநிலங்களையும் வீடுகளையும் மூடியிருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் அதைத் தடுப்பதற்காகப் பனையும் பிற மரங்களும் நடப்பட்டன. இன்று அங்கே பனையும், கொல்லா எனும் முந்திரிமரமும், உடைமரமும் மணலைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவு வறண்டு தோன்றும் நிலத்தின் அடியில் நீர் இருக்கிறது என்பது இன்னொரு வியப்பு. பெய்கிற மழையை மணல் ஒரு சொட்டு ஓடவிடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. தாழ்ந்த இடங்களில் அது சுனையாக ஊறுகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் என்ற பெயரிலேயே அந்த நீரின் அருமை அடங்கியிருக்கிறது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் இருக்கிறார். அய்யனார் கோயில் வாசல் வரை சாலை உண்டு. அதற்கு அப்பால் வண்டியை மணலில் இறக்கக் கூடாது. சக்கரம் அச்சு வரை புதையும் என்பது ஒரு காரணம். கால்தடம் தவிர வேறு தடம் பதியாத ஒரு நிலத்தை அப்படியே விட்டுவைப்பது நம் கடமை என்பது, எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

இனி ஓட்டுவதைப் பற்றி. ஆலந்தலை தாண்டியதும் சாலை பெரும்பாலும் தெற்கு நோக்கிச் செல்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று வலப்பக்கத் தோளில் அடிக்கிறது. அந்தத் தள்ளலுக்கு வண்டி இடப்பக்க ஓரத்தை நோக்கி நகரப் பார்க்கும். நேராகப் போக வேண்டுமானால் வண்டியைக் காற்றின் பக்கம், அதாவது வலப்பக்கம், சற்றே சாய்த்தபடி ஓட்ட வேண்டியிருக்கிறது. சில நிமிடங்களில் உடம்பு அதைத் தானாகவே கற்றுக்கொள்கிறது. சாய்ந்து ஓட்டுகிறோம் என்ற நினைவே மறந்துபோகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எதிரே ஒரு பேருந்தோ லாரியோ வரும்போது, அது நமக்கும் காற்றுக்கும் இடையில் புகுந்து ஒரு கணம் காற்றை முழுதாக மறைத்துவிடுகிறது. தாங்கிநின்ற எதிர்விசை திடீரென்று இல்லாமற்போக, சாய்ந்திருந்த வண்டி அந்தப் பேருந்தின் பக்கமே பாய்கிறது. அடுத்த கணம் பேருந்து கடந்து போனதும், விட்ட காற்று இரட்டிப்பாக வந்து ஓரத்துக்குத் தள்ளுகிறது. எதிர் வண்டி தொலைவில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் போதிய இடம் விட்டு, சாய்வைச் சிறிது நிமிர்த்திக்கொள்வதுதான் இதற்கு வழி. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்குக் காற்றின் ஒவ்வொரு உதறலும் நேராகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, முழங்கைகளைத் தளர்த்தி வைத்திருந்தால் வண்டி தானே நேராகிக்கொள்ளும்.

சாலையின் குறுக்கே கிடக்கும் மணல் இன்னொரு கவனம். காற்று மேற்கிலிருந்து வருவதால், மேற்குப் பக்கம் மரமில்லாத திறந்த வெளி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் மெல்லிய செம்மணல் வரிகள் தாரின்மேல் ஓடிக்கொண்டிருக்கும். நேர்சாலையில் அவற்றால் தொல்லையில்லை. ஆக்சிலரேட்டரை நிதானமாக வைத்து, பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடலாம். வளைவில் கிடந்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட வேண்டும். மணலுக்குமேல் முன் பிரேக்கைப் பிடிப்பதைப் போன்ற தவறு வேறில்லை. மணிக்கு 40, 45 கிலோமீட்டருக்குமேல் போகத் தேவையில்லாத சாலை இது. 100 சி.சி. வண்டியே இதற்குப் போதும். எடை கூடிய புல்லட் போன்ற வண்டிகள் காற்றில் குறைவாக ஆடும் என்பது உண்மைதான். ஆனால் மீனவ ஊர்களின் சந்துகளில் திருப்புவதற்கும், மணல் ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதற்கும் சிறிய வண்டியே கைக்கு அடக்கம். பின்னால் கட்டும் பையை உயரமாகக் கட்டாமல் தாழ்வாக, இறுக்கமாகக் கட்டுங்கள். பொத்தான் போடாத சட்டையும் அவிழ்ந்த மழைக்கோட்டும் காற்றைப் பிடித்து வண்டியையே இழுக்கும்.

குலசேகரன்பட்டினத்தை ஆண்டு முழுவதும் அமைதியான ஊராகப் பார்க்கலாம், தசரா நாட்களைத் தவிர. முத்தாரம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு காளியாகவும் குறவனாகவும் குறத்தியாகவும் அரசனாகவும் வேடம் பூண்ட பல்லாயிரம் பேர் அப்போது சாலையை நிறைத்திருப்பார்கள். சூரசம்ஹாரம் கடற்கரையில் நடக்கும். அந்தப் பத்து நாளும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து பார்ப்பதே முறை. இதே ஊர் வழியாகக் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே ஒரு சிறிய ரயில் ஓடி, 1940-இல் நின்றுபோனது. இப்போது இங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழுந்துவருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையின் மேல் பறக்காமல் ஒதுங்கிச் செல்ல வேண்டும். அதற்கு எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்துக்கு நேர் தெற்கே கடல் மட்டுமே இருக்கிறது. நாம் வண்டியோட்டிப் போகும் அதே தெற்குத் திசைதான் சிறிய செயற்கைக்கோள்களுக்கும் நேர்வழி ஆகப்போகிறது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

மாசியிலிருந்து ஆனி வரை இந்த வழியில் வருகிறவர் பதநீர் குடிக்காமல் போகக் கூடாது. உடன்குடிச் சுற்றுவட்டாரம் முழுவதும் பனைத்தொழில்தான். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. காலை எட்டு மணிக்குள் சாலையோரத்தில் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பனையோலையை மடித்துத் தொன்னையாக்கிய பட்டையில் பதநீரை ஊற்றி, இளசான நுங்கை விரலால் கீறி அதில் போட்டுக் கொடுப்பார்கள். பட்டையை இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து, ஓலையின் விளிம்பில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். இனிப்போடு பச்சை ஓலையின் வாசமும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் மெல்லிய காரமும் சேர்ந்து வரும். அந்தச் சுண்ணாம்புதான் பதநீரைப் புளித்துக் கள்ளாகாமல் காக்கிறது. ஒரு வைகாசிக் காலையில், அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, இந்தக் காத்துல எப்படி ஏறுதீக?" என்று கேட்டேன். இடுப்பில் கட்டியிருந்த அருவாப்பெட்டியைக் கழற்றியபடியே அவர் சொன்னார்: "மரம் ஆடுத பக்கம் நாமளும் ஆடிக்கிடணும் தம்பி. எதிர்த்துப் பிடிச்சா கை விட்டுப்போகும்." இரு சக்கர வண்டிக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை எந்த ஓட்டுநர் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை.

அவர் இன்னொன்றும் காட்டினார். பனையில் காய்ந்து தொங்கும் காவோலைகள் காற்றின் வேகத்தைச் சத்தத்தால் சொல்லிவிடுகின்றன. லேசாக உரசிக்கொண்டிருந்தால் கவலையில்லை. விட்டுவிட்டுப் படபடவென்று அடித்தால் காற்று சீராக இல்லாமல் வீச்சு வீச்சாக வருகிறது என்று பொருள். வண்டியை நிறுத்தி இளைப்பாறும்போது இந்தச் சத்தத்தைக் கவனித்துவிட்டுக் கிளம்புவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

மணப்பாடுதான் இந்தச் சாலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கடற்கரைச் சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பிக் கருமேனியாற்றின் முகத்துவாரத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்தால், பழைய காரை வீடுகளுக்கு அப்பால் மணல்குன்று ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். புயலில் பாய்மரம் முறிந்த போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவர், கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1540-இல் அதை நிறைவேற்றினார் என்பது ஊரார் போற்றிவரும் வரலாறு. ஆலயம் 1581-இல் கட்டப்பட்டது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த குகை குன்றின் கடல்முகத்தில் இருக்கிறது. உப்புக் கடலுக்கு இவ்வளவு அருகில் அந்தக் குகைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும் உண்டு. செப்டம்பர் 14 அன்று நடக்கும் சிலுவைத் திருநாளுக்கு வெகுதூரத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

அந்தக் குன்றின்மேல் நின்றால் காற்றைக் கண்ணால் பார்க்கலாம். குன்றின் ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கும். நுரை கிழிந்து புகையாகப் பறக்கும். மறுபக்கம், குன்றும் மணல்நாக்கும் மறைத்துக்கொண்ட வளைவில், தண்ணீர் அசைவின்றிக் கிடக்கும். பைபர் படகுகள் வரிசையாக ஓய்வெடுக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் பாய்மரக் கப்பல்காரர்கள் இந்தக் கரையில் ஒதுங்க இடம் தேடியிருந்தால் இதைத்தான் கண்டுபிடித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்வேன். இப்போது அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் இதே காரணத்துக்காக இங்கே வருகிறார்கள். வண்டியைக் குன்றின் அடிவாரத்தில், ஆலயத்தின் மறைவில் நிறுத்துங்கள். பக்கவாட்டு ஸ்டாண்டைக் காற்று தள்ளும் பக்கத்தில் போட்டால் வண்டி நிற்கும். காற்று வரும் பக்கத்தில் போட்டால், ஒரு பலத்த வீச்சில் வண்டியே நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்துவிடும்.

மணப்பாட்டுக்குப் பிறகு கரை திரும்புகிறது. அதுவரை தெற்கே போய்க்கொண்டிருந்த சாலை பெரியதாழை, உவரி என்று தென்மேற்காக வளைய, பக்கவாட்டில் அடித்த காற்று இப்போது நெஞ்சுக்கு நேரே வருகிறது. எதிர்க்காற்று வண்டியைச் சாய்ப்பதில்லை. ஆனால் அயர வைக்கிறது. சிறிய இன்ஜின் மேல் கியரில் திணறும். ஒரு கியர் குறைத்துப் போட்டு, வேகத்தை மறந்துவிட வேண்டும். பெட்ரோல் வழக்கத்தைவிட விரைவில் குறையும். ஹெல்மெட்டின் கண்ணாடியில் உப்பும் தூசியும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், தண்ணீர் தெளித்துத்தான் துடைக்க வேண்டும். பின்னால் அமர்ந்து வருகிறவர்கள் நம் முதுகுக்குப் பின்னே மறைந்துகொள்வார்கள். அவர்கள் திடீரென்று எட்டிப் பார்த்தாலே வண்டி சற்று ஆடும் என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவைப்பது நல்லது.

இந்தப் பகுதியில் இன்னொரு எதிரி உடைமுள். குடை விரித்ததுபோல் தட்டையாகப் படர்ந்து நிற்கும் உடைமரம் நம் கரிசல், செம்மண், மணல் நிலங்களின் அழகுகளில் ஒன்று. அதன் வெள்ளை முள்ளோ விரல் நீளம் இருக்கும். பெரியதாழைக்கு அருகே ஒருமுறை வண்டி பின்பக்கம் தள்ளாடத் தொடங்கியது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடையில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு தம்பி டயரைக் கையால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, இடுக்கியால் பற்றி இழுத்தான். வெளியே தெரிந்தது ஒரு கடுகளவுதான். வந்தது முக்கால் விரல் நீள முள். நுனி சிறிதும் மழுங்கவில்லை. "ரோட்ட விட்டு எறக்காதீக அண்ணாச்சி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேலி வெட்டிப் போடுத முள்ளு, காத்துல பறந்து ஓரத்துலதான் கெடக்கும்" என்றான். டியூப்லெஸ் டயர் உள்ளவர்கள் முள்ளைப் பிடுங்காமல் அடுத்த ஊர் வரை மெதுவாகப் போய்விடலாம்; டியூப் உள்ள வண்டிக்காரர்கள் ஒரு மாற்று டியூபை எடுத்துச் செல்வது அறிவுடைமை.

உவரியில் மதங்களைப் பிரித்துப் பார்க்க நேரமிருக்காது. புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு வந்தவர்களும், சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வந்தவர்களும் ஒரே கடலில் குளித்து, ஒரே கடைகளில் தேநீர் குடிக்கிறார்கள். சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கடல் மணலை ஓலைப்பெட்டியில் அள்ளி, தலையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். கப்பல் வடிவில் எழுப்பப்பட்ட கப்பல் மாதா ஆலயம் அந்த ஊரின் தொழிலுக்குச் செய்த மரியாதையாகவே எனக்குத் தோன்றும். மீன் ஏலம் நடக்கும் வேளையில் கரைக்குப் போனால் சீலாவும் விளைமீனும் பாறையும் மணலில் கூறுகட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகின்றன. ஆடிக் காற்று மிகும் நாட்களில் அவையும் கரையேறி நிற்கும். நமக்கு ஒரு நாள் இன்பமாக இருக்கும் காற்று இவர்களுக்கு வேலையில்லாத நாள் என்பதை, அந்தப் படகுகளின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மனிதர்களோடு பேசும்போது நாம் மறக்கக் கூடாது.

உவரிக்குத் தெற்கே நவ்வலடி, கூத்தங்குழிக் கரைகளில் மணலை உற்றுப் பாருங்கள். வெளிர்மணலின்மேல் அலை விட்டுச்சென்ற கோடுகளில் சில கறுப்பாகவும் சில மாதுளை முத்தின் நிறத்திலும் மின்னும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்தக் கனிமங்களுக்காகக் கரை நெடுகிலும் மணல் அள்ளப்பட்டது. 2013-இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. அலையும் காற்றும் சேர்ந்து எடை வாரியாகப் பிரித்து அடுக்கிய இந்த வண்ணங்கள் கரையிலேயே இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இயல்பான மணல்மேடு இருக்கும் இடத்தில்தான் ஊருக்குக் கடலிடமிருந்து பாதுகாப்பு இருக்கிறது.

கூடங்குளத்தை நெருங்கும்போது அடிவானம் முழுவதும் காற்றாலைகள் நிறைகின்றன. 1980-களின் பிற்பகுதியில் நம் பகுதியில் தொடங்கிய காற்றாலைகள், கயத்தாறு முதல் இராதாபுரம், பணகுடி, முப்பந்தல் வரை இன்று நிலத்தின் முகத்தையே மாற்றிவிட்டன. வண்டியோட்டிக்கு அவை ஒரு பயனும் தருகின்றன: இறக்கைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்பதை வைத்து, அடுத்த வளைவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று முன்பே அறியலாம். அவற்றின் நடுவே கடலோரத்தில் அணுமின் நிலையத்தின் குவிமாடக் கட்டடங்கள். 1988-இல் சோவியத் ஒன்றியத்தோடு கையெழுத்தான ஒப்பந்தத்தின் விளைவாக, தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இப்போது இயங்குகின்றன. மேலும் சில கட்டப்பட்டு வருகின்றன. அருகிலுள்ள இடிந்தகரையின் லூர்து மாதா ஆலய வளாகத்தில் 2011-இல் தொடங்கி நீண்ட காலம் மக்கள் அமர்ந்து போராடினார்கள். சாலையில் போகிறவர் இரண்டையும் பார்த்துவிட்டே போக வேண்டும். அந்த ஊருக்குள் நுழைந்து ஒரு தேநீர் குடித்தால், கடலையே நம்பி வாழ்பவர்களின் அச்சம் எவ்வளவு பொறுப்பானது என்பது புரியும்.

எந்த மாதத்தில் வருவது என்று கேட்பவர்களுக்கு: காற்றுக்குப் பயந்தவர்கள் தை, மாசியில் வாருங்கள், பதநீருக்காக வருகிறவர்களுக்குச் சித்திரை, இந்தக் கரை எதனால் ஆனது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு ஆனியும் ஆடியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணிக் கரை முழுவதும் மூழ்கியதையும் நம் மாவட்டத்தார் யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடினால், ஆழம் பார்க்காமல் வண்டியை இறக்கக் கூடாது.

கூட்டப்புளியோடு நம் மாவட்டத்தின் கரை முடிகிறது. குமரி முனையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வழிச்சாலையில் காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்கு வந்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். தூரம் குறைவுதான். ஆனால் காவல்கிணற்றுப் பகுதி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. ஆடி மாத மாலையில் அங்கே குறுக்கே அடிக்கும் காற்று, கடற்கரைச் சாலையில் எங்கும் காணாத அளவு கடுமையானது. வேகமாகப் போகும் லாரிகளும் பேருந்துகளும் அருகே இருக்க, அதில் இரு சக்கர வண்டியோடு போராட வேண்டியதில்லை. வெயில் தாழ்ந்து காற்று அடங்கும்வரை கன்னியாகுமரியில் காத்திருந்து இரவு எட்டு மணிக்குமேல் கிளம்புங்கள். முடிந்தால் தங்கிவிட்டு விடியற்காலையில் வந்த வழியே திரும்புங்கள், அப்போது காற்று முதுகுப்பக்கம் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் ஸ்போக்குகளிலும் போல்ட் தலைகளிலும் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். சைலன்சரின் அடிப்பக்கத்தையும் மட்கார்டின் உட்பக்கத்தையும் விடாமல் கழுவி, செயினில் ஒட்டிய செம்மணலை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். ஏர் பில்டரையும் கழற்றித் தட்டிப் பாருங்கள். தேரி மணல் அங்கேயும் போயிருக்கும்.